"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் போதுமா, சிஸ்டர்?

காலை பதினோரு மணி. குழந்தைகள் வார்டு. ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு டாக்டர் போய்விட்டார். மூன்றாம் நம்பர் கட்டிலில் இருக்கும் பதினோரு மாதக் குழந்தையை, "இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லியாயிற்று. வாந்தி, பேதி, காய்ச்சல் என்று துவண்டு போய் வந்த குழந்தை. மூன்று நாள் கழித்து இப்போது அம்மாவின் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர், தூக்கக் கலக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறார். ஆயா பிளாஸ்டிக் கூடையில் ஃப்ளாஸ்க்கையும் துணிமணியையும் அடுக்குகிறார்.

சிஸ்டர் வருகிறார். கையில் சீட்டு, ஒரு பை மருந்து.

"இந்தாம்மா, இது காய்ச்சல் மருந்து. இருந்தா மட்டும் ஆறு மணிக்கு ஒரு தரம். இது ஜிங்க், பதினாலு நாளைக்கு. ஓ.ஆர்.எஸ். போகப் போகக் குடுங்க. தாய்ப்பால் நிறுத்தக் கூடாது. அஞ்சு நாள் கழிச்சு ஓ.பி.க்கு வாங்க. ஏதாவதுன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க. புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது சிஸ்டர்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிஸ்டர் மேல் தப்பு சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அத்தனையும் சொல்லிவிட்டார். ஒன்றுகூடப் பிழையில்லை. அடுத்த கட்டிலில் ட்ரிப் முடியப் போகிறது, ஓட வேண்டும்.

இது நாம் கற்பனையாக எழுதிப் பார்த்த காட்சிதான். ஆனால் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும், அரசு ஆனாலும் தனியார் ஆனாலும், குழந்தையோடு போய்ப் படுத்து எழுந்து வந்த எல்லோருக்கும் இது பழகிய காட்சி. இப்போது அந்த அம்மாவின் காதோடு நாமும் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போமா?

"ஆறு மணிக்கு ஒரு தரம்." சிஸ்டர் நினைத்தது ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம். அம்மா எடுத்துக்கொண்டது? சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வேளை என்றும் எடுத்துக்கொள்ளலாம். "போகப் போகக் குடுங்க." ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் என்று சிஸ்டருக்கு அர்த்தம். 'போகப் போகச் சரியாயிடும்' என்று தினமும் பேசுகிற வாய்க்கு, கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக என்று அர்த்தம். "பதினாலு நாளைக்கு." மூன்றாம் நாளே பேதி நின்றுவிட்டால் அப்புறம் எதற்கு ஜிங்க் என்று நிறுத்தத்தான் தோன்றும். ஏன் பதினாலு நாள் என்று யாரும் சொல்லவில்லையே! எல்லாவற்றுக்கும் மேலே அந்த "ஏதாவதுன்னா" இருக்கிறதே... எது அந்த ஏதாவது? குழந்தையின் உயிரே அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது.

சொன்னது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு

நோய், மருந்து, ஆஸ்பத்திரி சம்பந்தமான விஷயங்களைத் தேடித் தெரிந்துகொண்டு, புரிந்துகொண்டு, அதை வைத்து முடிவெடுக்கிற திறமைக்கு ஹெல்த் லிட்டரசி என்று பெயர். நாம் 'உடல்நல அறிவு' என்று வைத்துக்கொள்ளலாம். 1974-ல் அமெரிக்காவில் ஸ்காட் சைமண்ட்ஸ் என்ற சுகாதாரக் கல்வியாளர் எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சொல் முதலில் வந்தது. வெகு காலம் வரை இது நோயாளிக்கு இருக்க வேண்டிய அறிவு என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். படிக்காத அம்மா, அதனால் புரியவில்லை என்று கதையை முடித்துவிடுவது சுலபம்தானே!

இப்போது பார்வை மாறிவிட்டது. புரியும்படி சொல்வதும், புரிந்ததா என்று சோதித்துப் பார்ப்பதும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அதிலும் முதல் பொறுப்பு நர்ஸ்களுக்குத்தான் வந்து சேர்கிறது. காரணம் எளிது. டாக்டர் கட்டிலருகே நிற்பது சில நிமிஷம். சிஸ்டர் நாள் முழுக்க அங்கேயே இருக்கிறார். டாக்டரிடம் கேட்கத் தயங்குகிற கேள்வியை அம்மாக்கள் சிஸ்டரிடம்தான் மெல்லக் கேட்கிறார்கள்.

படித்தவர்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ராய் கெஸல்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 2003-ல் ஒரு கட்டுரையில் இதை அலசினார். டாக்டர்களும் நர்ஸ்களும் சொல்வதில் 40 முதல் 80 சதவிகிதம் வரை நோயாளிகளுக்கு உடனே மறந்துபோகிறது. நினைவில் இருப்பதாக நினைத்துக்கொள்வதிலும் கிட்டத்தட்ட பாதி தப்பாக இருக்கிறது. மூன்று ராத்திரி தூக்கமில்லாமல் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்த தாய்க்கு பி.காம். பட்டமிருந்தாலும், எம்.ஏ. பட்டமிருந்தாலும் ஒன்றுதான். காது கேட்கும், மனசு குழந்தையின் வயிற்றிலேயே இருக்கும்.

5 மில்லியில் ஒளிந்திருக்கும் ஆபத்து

குழந்தை வைத்தியத்தில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பெரியவர்களுக்கு மாத்திரை. ஒன்று என்றால் ஒன்று. குழந்தைகளுக்கோ எடைக்குத் தகுந்தபடி அளந்து கொடுக்க வேண்டிய திரவ மருந்து. அளப்பது யார்? நடுராத்திரி இரண்டு மணிக்கு, மங்கலான விளக்கில், அழுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அம்மாவோ பாட்டியோ!

எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயும் இருக்கிற பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். இந்த ஒரே மருந்து கடையில் பல வேஷத்தில் கிடைக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யில் 100 மி.கி. மருந்து. சாதாரண சிரப்பில் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பில் அதே 5 மி.லி.யில் 250 மி.கி. மூன்றும் இனிப்பு, மூன்றும் பெரும்பாலும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி.

நம் மூன்றாம் நம்பர் கட்டில் குழந்தை 9 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஒரு வேளைக்கு 120 மி.கி. எழுதுகிறார். சாதாரண சிரப் என்றால் 5 மி.லி. கணக்கு சரி. அதே 5 மி.லி.யை பழக்க தோஷத்தில் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால்? 500 மி.கி. உள்ளே போய்விடும். நாலு மடங்குக்கும் மேல்! இப்படியே ஒரு நாளில் மூன்று, நாலு வேளை போனால் குழந்தையின் ஈரலுக்கே ஆபத்து. சரி, உல்ட்டாவாக நடந்தால்? சொட்டு மருந்துக்கான 1.2 மி.லி.யை சிரப்பில் அளந்து கொடுத்தால் கால் பங்கு மருந்துதான் போகும். காய்ச்சல் இறங்காது. "அந்த டாக்டர் மருந்து கேக்கலை, வேற டாக்டர்கிட்ட போலாம்" என்று கிளம்புவோம். அங்கே இன்னொரு மருந்து, ஒரு ஊசி. மருந்தின் மேலும் குற்றமில்லை, டாக்டர் மேலும் குற்றமில்லை. பாட்டில் மாறிப்போனதுதான் விஷயம்.

(ஒரு ஜாக்கிரதை: மேலே உள்ள கணக்கு விஷயத்தை விளக்க மட்டுமே. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

ஸ்பூன் கதை இன்னொன்று. ஒரு டீஸ்பூன் என்றால் 5 மி.லி. என்பது புத்தகக் கணக்கு. நம் சமையலறையில் காபிக்குச் சர்க்கரை போடும் ஸ்பூன் ஒரு அளவு, உப்பு ஜாடியில் கிடக்கும் ஸ்பூன் ஒரு அளவு. நியூயார்க்கில் ஷோனா யின் என்ற குழந்தை மருத்துவரின் குழு இதை விடாமல் ஆராய்ந்து வருகிறது. 2016-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பெற்றோரை ஒன்பது தடவை மருந்து அளக்கச் சொன்னபோது நூற்றுக்கு 84 பேர் ஒரு தடவையாவது தப்பாக அளந்தார்கள். ஐந்தில் ஒருவர் இரண்டு மடங்குக்கு மேல் ஊற்றிய சந்தர்ப்பமும் உண்டு. மூடி மாதிரி வருகிறதே அந்தச் சின்ன கப்பை விட, ஊசியில்லாத சிரிஞ்சில் பிழை மிகக் குறைவு. எனவே மருந்துக்கடையில் பத்து ரூபாயைப் பார்க்காமல் ஒரு சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே குழுவின் 2008-ம் வருஷத்து ஆய்வு நர்ஸ்களுக்கு இன்னும் முக்கியம். குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினருக்குப் படம் போட்ட தாள் கொடுத்து, சிரிஞ்சும் கொடுத்து, அளந்து காட்டி, அவர்களையும் அளந்து காட்டச் சொன்னார்கள். தினமும் தர வேண்டிய மருந்தில், வழக்கம்போல அனுப்பப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் (47.8 சதவிகிதம்) தப்பாக அளந்தார்கள். செய்து காட்டச் சொல்லி அனுப்பியவர்களில் தப்பு செய்தது 5.4 சதவிகிதம்தான். மருந்து அதேதான். கூடச் செலவானது சில நிமிஷமும், ஒரு தாளும், ஒரு சிரிஞ்சும்.

"நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா..."

இதற்குப் பெயர் 'திருப்பிச் சொல்லும் முறை'. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்!" என்று வாத்தியார் மாதிரி கேட்டால் அந்த அம்மா பயந்து போய்விடுவார். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். புரியவில்லை என்று சொன்னால் 'இதுகூடத் தெரியலையா' என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

நம் சிஸ்டர் இப்படிக் கேட்டிருந்தால்?

"அம்மா, நான் அவசரத்துல கடகடன்னு சொல்லிட்டேன். சரியாச் சொன்னேனான்னு நான் தெரிஞ்சுக்கணும். வீட்டுக்குப் போனதும் பாப்பாவுக்கு இந்தக் காய்ச்சல் மருந்தை எப்படிக் குடுப்பீங்க? இந்தாங்க சிரிஞ்ச், செஞ்சு காட்டுங்க."

"இதுல... இந்த அஞ்சு கோடு வரைக்கும் எடுப்பேன் சிஸ்டர். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடுப்பேன்."

"அடடா, நான் சொன்னதுல தப்பு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம்மா. இப்ப பன்னெண்டு மணிக்குக் குடுத்தா, காய்ச்சல் இருந்தா மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்தது. ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல வேண்டாம். இப்ப சொல்லுங்க."

பார்த்தீர்களா? 'நான் சொன்னதுல தப்பு' என்று சிஸ்டர் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டதும் அந்த அம்மாவுக்குக் கூச்சம் போய்விட்டது. பக்கத்தில் நிற்கும் ஆயாவும் தைரியமாகக் கேட்பார்: "ஏம்மா, பல்லு முளைக்கிறப்போ பேதி ஆகத்தானே செய்யும்? இதுக்குப் போயி பதினாலு நாளு மருந்தா?" இந்தக் கேள்வி வார்டிலேயே வெளியே வந்துவிட்டது நல்லதாயிற்று. வீட்டுக்குப் போன பிறகு வந்திருந்தால் ஜிங்க் மாத்திரை நாலாம் நாளே குப்பைக்குப் போயிருக்கும். பல் முளைப்பதால் பேதி வருவதில்லை. அந்த வயதில் குழந்தை கண்டதையும் வாயில் வைக்கிறது, கிருமி உள்ளே போகிறது என்று சிஸ்டர் சொல்லலாம். பேதி நின்ற பிறகும் ஜிங்க் கொடுப்பது, குடல் தேறவும், அடுத்த சில மாதங்களில் திரும்பவும் பேதி வராமலிருக்கவும்தான் என்றும் சொல்லலாம். காரணம் தெரிந்தால் ஆயாவே பதினாலு நாளையும் எண்ணி எண்ணிக் கொடுப்பார். வீட்டில் மருந்து கொடுக்கும் அதிகாரம் பல சமயம் ஆயாவிடம்தானே இருக்கிறது!

ஓ.ஆர்.எஸ். கலக்குவதையும் செய்து காட்டச் சொல்ல வேண்டும். பெரிய பாக்கெட் முழுசாக ஒரு லிட்டருக்கு, சின்ன பாக்கெட் முழுசாக 200 மி.லி.க்கு. கொஞ்சம் பொடி, ஒரு டம்ளர் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கினால் உப்பு அதிகமாகி நன்மைக்குப் பதில் கெடுதலாகும். கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. 'ஓ.ஆர்.எஸ்.' என்று பேர் போட்டு டெட்ரா பேக்கில் விற்ற சர்க்கரை பானங்களை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சரியான சூத்திரப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. வீட்டில் பழசு இருந்தால் பெட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

வங்காளதேசத்தில் சம்பளத்தையே இதில் வைத்தார்கள்

ஓ.ஆர்.எஸ். பேச்சு வந்துவிட்டதால் இந்தக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1971-ல் வங்காளதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். ட்ரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் துணிந்து உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே குடிக்கக் கொடுக்கச் சொல்லிவிட்டார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு மூன்று, நாலாகக் குறைந்தது. நர்ஸ் செய்யும் வேலையை வீட்டுக்காரர்கள் செய்ய முடியும் என்று அன்றே நிரூபணமாகிவிட்டது.

அடுத்த கேள்வி, இதை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கற்றுத் தருவது எப்படி? 1980-ல் வங்காளதேசத்தின் 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் இறங்கியது. பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். கூடவே நினைவில் வைக்க வேண்டிய பத்து விஷயங்கள். ஊழியர் கலக்கிக் காட்டிவிட்டு வந்துவிட முடியாது. தாயே தன் கையால் கலக்கிக் காட்ட வேண்டும். அதோடு விட்டார்களா? சில வாரம் கழித்து வேறொருவர் திடீரென்று சில வீடுகளுக்குப் போய், அந்தத் தாய்க்கு எத்தனை விஷயம் நினைவிருக்கிறது என்று கேட்பார். அதை வைத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம்! எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்க்கவில்லை, எத்தனை பேர் மனசில் தங்கியது என்று பார்த்தார்கள். பத்து வருஷத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் போய்வந்தார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் தாய்மார்கள் சரியாகப் பதில் சொன்னார்கள், ஆனால் பேதி வந்தபோது கொடுத்தவர்கள் குறைவு. ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது, சொல்லிக்கொடுத்த ஊழியர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்குப் பேதி வந்தபோது அவர்களே அதைக் குடிக்கவில்லை! அப்புறம்தான் உப்பும் வெல்லமும் குடலில் எப்படி வேலை செய்கிறது என்று ஊழியர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டு ஆண்களையும் சேர்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள்.

நம் வார்டுகளுக்கும் இது அப்படியே பொருந்தும். சிஸ்டரும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான். பல் முளைத்தால் பேதி வரும் என்று அவர் வீட்டு ஆயாவும் சொல்லியிருப்பார். மாந்தம், தோஷம் என்று அவரும் கேட்டு வளர்ந்திருப்பார். தனக்கே உள்ளூர நம்பிக்கையில்லாததைச் சொன்னால், குரலிலேயே அது தெரிந்துவிடும்.

வீஸிங் குழந்தைகளுக்கான இன்ஹேலரைப் பாருங்கள். குலுக்க வேண்டும், ஸ்பேசரில் பொருத்த வேண்டும், மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும், ஒரு அழுத்து, குழந்தை ஐந்தாறு மூச்சு விடும் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். அடுத்த அழுத்துக்கு முன் திரும்பவும் குலுக்க வேண்டும். எளிது போலத் தோன்றுகிறது. ஆனால் உலகெங்கும் நடந்த ஆய்வுகளில் டாக்டர், நர்ஸ்களே இதில் ஏதாவதொரு படியைத் தவறவிடுவது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. தொழிற்சாலைப் புகையும் லாரிப் புழுதியும் உள்ள பகுதியில் இந்த இன்ஹேலர் எத்தனை வீட்டில் இருக்கும்! மாதம் ஒரு முறை வார்டு சிஸ்டர்கள் ஒருவருக்கொருவர் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொண்டால்கூடப் போதும். செலவேயில்லாத பயிற்சி.

தெலுங்கு, இந்தி, ஒடியா...

நம் பகுதிக்கே உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. எல்லைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம். சிப்காட் கம்பெனிகளுக்கு பீகார், ஜார்க்கண்ட், ஒடிஷா, மேற்கு வங்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒடிஷாவிலிருந்து கைக்குழந்தைகளோடு வருகிறார்கள். இவர்களுடைய குழந்தையும் அதே வார்டில்தான் படுக்கிறது. சிஸ்டர் தமிழில் சொல்வார், அந்த அம்மா தலையாட்டுவார். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமா?

பல ஆஸ்பத்திரிகளில் அப்போது கூப்பிடுவது, கூட வந்திருக்கும் எட்டு வயசு அக்காவைத்தான். தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பெண், இரண்டு பாஷையும் தெரியும். ஆனால் தம்பிக்கு எத்தனை மி.லி. மருந்து என்ற பொறுப்பை எட்டு வயசுக் குழந்தையின் தலையில் வைக்கலாமா? கம்பெனி சூப்பர்வைசரோ, பக்கத்து லைன் வீட்டு அண்ணாச்சியோ போனில் இரண்டு பாஷையும் பேசினால் அது மேல். அதைவிட மேல், செய்து காட்டச் சொல்வது. சிரிஞ்சில் அளவுக் கோட்டுக்கு நேரே ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, பாட்டில் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்துவிட்டால் பாஷையே தேவையில்லை. அந்த அம்மா சிரிஞ்சை பிளாஸ்டர் வரை இழுத்துக் காட்டினால் சிஸ்டருக்கும் நிம்மதி.

சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது தனிக் கஷ்டம். டாக்டருக்கு டாக்டர் படிக்க அது வேண்டும்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ, 2022-ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அனுப்பினால் அங்கே உதவும். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போவதற்குத் தமிழில் நாலு வரி தனியாக இருந்தால் என்ன?

சிஸ்டருக்கு ஏது நேரம்?

நியாயமான கேள்வி. நைட் டியூட்டியில் ஒரே ஆள் வார்டு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்து பேச எங்கே நேரம்? இதை நர்ஸ்களின் அக்கறையின்மை என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். பி.எஸ்.சி. நர்ஸிங் படிப்பில் நோயாளிகளிடம் பேசுவதும் கற்பிப்பதும் பாடமாகவே இருக்கிறது. ஆனால் வார்டுக்கு வந்த பிறகு எத்தனை ஊசி போட்டார், எத்தனை சார்ட் எழுதினார் என்று கணக்கு கேட்கிறவர்கள் உண்டு. எத்தனை அம்மாக்களுக்குப் புரிய வைத்தார் என்று கேட்கிறவர் இல்லை. கேட்காத வேலைக்கு ஆள் போட மாட்டார்கள்.

வழி இல்லாமலும் இல்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டுவதற்குப் பதில், சேர்ந்த நாளிலிருந்தே ஒவ்வொரு வேளை மருந்தையும் சிஸ்டர் பார்த்திருக்க அம்மா கையால் கொடுக்க வைக்கலாம். மூன்று நாளில் கை தானாகப் பழகிவிடும். பெங்களூரு நாராயணா ஆஸ்பத்திரியில் தொடங்கிய 'நூரா ஹெல்த்' என்ற அமைப்பு, வார்டு நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளின் வீட்டாரைக் கூட்டி உட்காரவைத்து வகுப்பு எடுக்க வைக்கிறது. பல மாநிலங்களின் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் அது போயிருக்கிறது. பத்துப் பேருக்குப் பத்துத் தடவை சொல்வதை ஒரு தடவையில் முடித்துவிடலாமே!

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் அரசாங்கமே இதைச் சொல்லிவிட்டது. டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியின் அனுபவத்தை வைத்து, 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டி நூல் வெளியிட்டது. எடை குறைந்து பிறந்த குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த தாயும் தகப்பனும், கை கழுவி, கவுன் போட்டுக்கொண்டு உள்ளே போய், பாலாடையில் பால் புகட்டவும், மார்போடு அணைத்துக் கங்காரு முறையில் சூடு கொடுக்கவும், ஆபத்து அறிகுறிகளைக் கண்டுபிடிக்கவும் நர்ஸ்களிடம் பழக வேண்டும் என்கிறது அது.

நாம் என்ன செய்யலாம்?

சிஸ்டர் கேட்காவிட்டால் நாமே ஆரம்பிக்கலாம். "சிஸ்டர், நான் ஒரு தடவை சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று சொன்னால் எந்த சிஸ்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எந்த மருந்து, எதற்கு, எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை, எத்தனை நாள் என்று நீங்கள் சொல்லுங்கள். வீட்டில் யார் மருந்து கொடுப்பாரோ அவரையும் அந்த நேரத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். அப்பாவையும்தான்.

பொடியாக வரும் ஆன்டிபயாடிக் என்றால், ஆறிய கொதிநீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோடு வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் குறைகிற அளவைத் திரும்பக் கோடு வரை நிரப்ப வேண்டும். இதை சிஸ்டர் முன்னாலேயே செய்து பார்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கணுமா, வெளியே வைக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பாட்டில்களை அடுத்த முறை போகும்போது பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் சிரப், நம் பக்கத்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதன் ஒரு பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் ஏராளமாகக் கலந்திருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. அதே அக்டோபரில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் அறிவுறுத்தியது. போன மழைக்காலத்துச் சிரப்பை இந்த மழைக்காலத்துக்கு எடுக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, இல்லையா?

கடைசியாக அந்த "ஏதாவதுன்னா". சிஸ்டரிடம் இதைப் பிரித்துக் கேளுங்கள். பொதுவாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் இவை: பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை. குடித்ததெல்லாம் வாந்தியாகிறது. வலிப்பு வருகிறது. எழுப்பினாலும் கண் விழிக்காமல் துவண்டு கிடக்கிறது. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. மலத்தில் ரத்தம் வருகிறது. மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ போனால் தாமதிக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108. சந்தேகம் கேட்க 104.

டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன் சிஸ்டரிடம் ஒரு பேனா வாங்கி, உங்கள் குழந்தைக்கு அந்த 'ஏதாவது' எது எது என்று அவர் சொல்லச் சொல்ல அதில் நீங்களே தமிழில் எழுதி, அவரிடம் ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு ஆட்டோ ஏறுங்கள்.